கோப்பி மூன்று கரண்டி

"தம்பி, உந்தக் கறுப்பு உருண்டையையோ படைக்கப் போறாய்?"

அக்கா குசினி வாசலில் நின்று கேட்டார். கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. மனோர் பார்க்கில் இருந்து லண்டனின் மறு கோடியில் நான் இருக்கிற மிச்சம் (Mitcham) என்ற இடம் வரைக்கும் ரயில் மாறி, ட்ராம் ஏறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. குரலில் இல்லை.

என் இரண்டு கையும் மணிக்கட்டு வரை பட்டரும் கொக்கோத் தூளுமாக இருந்தன. அந்த நேரம் பார்த்து மூக்குக் கடித்தது. சொறிய வழியில்லை.

"ஓம் அக்கா. யோகத்தின்ர ஆட்டத்திவசத்துக்கு."

"முட்டை?"

"இல்லை."

"ஜெலற்றின் கிலற்றின் எண்டு எலும்பில செய்யிற சாமான்?"

"ஒண்டும் இல்லை. ஓட்ஸ், பட்டர், சீனி, கொக்கோ, கோப்பி. எல்லாம் சைவம்."

அக்கா ஒரு கேள்வியோடு விடுகிற ஆள் இல்லை.

"அடுப்பில எவ்வளவு நேரம் வைக்கிறது?"

"அடுப்பில வைக்கிறதே இல்லை. குழைச்சு, உருட்டி, ஃபிரிட்ஜில வைக்கிறது தான்."

"பாத்தியே! நெருப்புக் காணாத சாமான். சமைக்காததை என்னெண்டு படைக்கிறது?"

"வாழைப்பழம் எந்த அடுப்பில வெந்தது அக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கைப்பையைக் கதிரையில் வைத்தார். அது பாதிச் சம்மதம். சின்ன வயதில் இருந்து எனக்குத் தெரியும்.

"சரி, படை. ஆனா படைக்கிற அண்டைக்கு வாயில வைச்சுப் பாக்கக் கூடாது. விரலை நக்கிறதும் கூடாது. அவள் சாப்பிட்ட பிறகு தான் உனக்கு."

அது எனக்கும் தெரிந்த முறை தான். ஆனால் அன்றைக்குத் தான் அதன் பாரம் விளங்கியது. இந்தக் கையால் ஒரு நாளும் செய்யாத ஒன்றை, ருசி பார்க்காமல், அவளுக்கு முன்னால் வைக்க வேண்டும். பிழைத்தால் திருத்த அவள் இல்லை.

குசினிக்குப் பிறத்தியான்

இந்தத் தொடரை இடையில் படிக்கத் தொடங்கியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். யோகம் என் மனைவி. முழுப்பெயர் சிவயோகம். இரண்டு பேருமாக முப்பது வருடம் வாழ்ந்தோம். முதல் பாதி சுவீடனில், மறு பாதி லண்டனில். போன மாசியில் கடவுள் அவளைத் தன்னிடம் எடுத்துக்கொண்டார். அதற்கு ஒரு வருடம் நிறைகிற திதி தான் ஆட்டத்திவசம். ஒரே மகள் ஆரணி. குரோய்டனில் வேலை, அங்கேயே அறை எடுத்து இருக்கிறாள்.

நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்போடு சரி. பெற்றோல் நிலையத்தில் பகல் ஷிப்ட். காலையில் சாமிப் படத்துக்கு முன் நின்று திருநீறு பூசாமல் வாசல் கதவைத் திறந்ததில்லை. இவ்வளவு தான் என் வரலாறு.

முப்பது வருடத்தில் குசினிக்குள் நான் செய்தது தேத்தண்ணி ஒன்று தான். அதுவும் எனக்கு மட்டும். யோகத்துக்குத் தேத்தண்ணி பிடிக்காது. அவள் கோப்பி. காலையில் ஒரே அடுப்பில் எனக்கொரு கேத்தில், அவளுக்கொரு சின்னப் பாத்திரம். அவள் பாத்திரத்துக்குள் நான் எட்டிப் பார்த்ததில்லை. என் கேத்திலை அவள் தொட்டதில்லை. அவ்வளவு மரியாதை!

இதைச் சிரிப்புக்கு எழுதவில்லை. இந்தப் பகுதியில் நடந்த பிழை முழுவதும் இந்த மரியாதையால் வந்தது தான்.

சனிக்கிழமை இனிப்பு

சுவீடனில் நாங்கள் இருந்தது ஒரு சின்ன ஊர். குளிர்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டும். யோகத்துக்கு அங்கே சிறுபிள்ளைகள் காப்பகத்தில், குசினியில் வேலை கிடைத்தது. சுவீடிஷ் மொழி அவளுக்கு அப்போது இருபது சொல் தெரியும். அதில் எட்டுச் சொல் மரக்கறிகளின் பெயர்.

குசினிக்குப் பொறுப்பாக இருந்தவர் மரியான் என்ற சுவீடன்காரி. முதல் கிழமையே யோகத்தின் முன்னால் ஒரு பெரிய சட்டி கறுப்புக் கலவையை வைத்து, உருட்டிக் காட்டினாராம். அந்த நாட்டில் அதற்கு 'சொக்லாட்பொல்' என்று பெயர். எங்கள் வாய்க்குச் சொக்லேற் உருண்டை. அங்கே பிள்ளை பிறந்தநாளுக்கும் அது தான், வேலை இடத்தில் கோப்பி நேரத்துக்கும் அது தான். அடுப்பு வேண்டாம் என்பதால் நாலு வயதுப் பிள்ளையும் செய்யும்.

யோகம் உருட்டியதைப் பார்த்து மரியான் தராசை எடுத்துக்கொண்டு வந்தாராம். முப்பது உருண்டை. ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒரு கிராம் கூடக் குறைய இல்லை.

"எங்க பழகினனீ?" என்று கேட்டாராம்.

எள்ளுருண்டை பிடித்த கை என்று சொல்ல யோகத்துக்குச் சுவீடிஷ் போதாது. "வீட்டில்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அந்த நாட்டில் பிள்ளைகளுக்கு இனிப்பு என்றால் சனிக்கிழமை மட்டும் தான். மற்ற நாளில் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். யோகத்துக்கு அந்த வழக்கம் மிகவும் பிடித்துப்போனது. சனிக்கிழமை காலையில் சனீஸ்வரனுக்கு நல்லெண்ணெய் விளக்கு ஏற்றுவாள். அது எரிந்து முடியச் சொக்லேற் உருண்டை பிடிக்க உட்காருவாள்.

"உமக்கு எல்லாச் சாமியும் ஒரே மேசையில தான்" என்று நான் பகிடி பண்ணுவேன்.

"சனி பகவானுக்குக் கறுப்புப் பிடிக்கும். எள்ளெண்டால் என்ன, கொக்கோ எண்டால் என்ன?" என்பாள்.

உருட்டியதை முத்துச் சீனியில் பிரட்டுவாள். அது சுவீடன் சாமான். பொடி முத்துப்போல வெள்ளையாக, கரையாமல் இருக்கும். அதற்கு முத்துச் சீனி என்று பெயர் வைத்தவளும் அவள் தான். லண்டனுக்கு வந்த பிறகும் ஒரு சனிக்கிழமை தவறவில்லை. ஆரணி பல்கலைக்கழகத்துக்குப் போன காலத்தில் ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டுக் கட்டிக் கொடுத்துவிடுவாள்.

முதல் உருண்டையை அவளே சாப்பிடுவாள். நின்றபடி, ஜன்னலைப் பார்த்தபடி. அந்த ஒரு நிமிடம் அவளோடு கதைக்கக் கூடாது.

"இது இல்லை"

வருத்தம் கடுமையாகிச் சாப்பாடு இறங்காமல் போன நாட்களில், ஒரு பின்னேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, ஒரு சொக்லேற் உருண்டை தின்ன வேணும் போல கிடக்கு."

கஞ்சியே வேண்டாம் என்றவள், தானாக வாய் திறந்து கேட்டாள். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. சுவீடன் சாமான் விற்கிற கடை ஒன்றைத் தேடிப் பிடித்து, பெட்டியாக வாங்கிக்கொண்டு ஓடினேன்.

ஒரு கடி கடித்தாள். மெதுவாக மென்றாள். மீதியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது இல்லை."

"சுவீடன் சாமான் தான் யோகம். பெட்டியில எழுதியிருக்கு, பாரும்."

"ஓம். ஆனா இது இல்லை."

வெளியே வந்து தாதியிடம் கேட்டேன். இந்த மருந்துகளுக்கு நாக்கின் ருசி மாறும், எது சாப்பிட்டாலும் வேறு மாதிரித் தான் தெரியும் என்று அன்பாக விளங்கப்படுத்தினார். நானும் நம்பினேன். பாவம், மருந்து நாக்கையும் கெடுத்துப்போட்டுது என்று நினைத்தேன்.

உள்ளே போய், "நான் செய்து கொண்டு வாறன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "நீங்களோ? தேத்தண்ணிக்குச் சீனி எங்க கிடக்கு எண்டு இப்பவும் என்னைக் கேக்கிற ஆள்."

பத்து நாளில் போய்விட்டாள். நான் செய்து கொடுக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று, அவள் பக்கத்தில் இருந்த கதிரையை விட்டு எழும்ப மனம் வராமல் இருந்துவிட்டேன்.

ஆட்டத்திவசத்தில் இறந்தவருக்கு விருப்பமானதை இலையில் வைத்துப் படைப்பது எங்கள் முறை. கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயசம் எல்லாம் அக்கா செய்வார். ஆனால் அவள் கேட்டது ஒன்று. கேட்டது என்னிடம். அதை நான் தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

மூன்று தோல்வி

சமையல் குறிப்பு என்னிடம் இருந்தது. ஆரணியின் பழைய பள்ளிக்கூட நோட்டுக் கொப்பி ஒன்றில் யோகத்தின் கையெழுத்து:

*பட்டர் 100 கிராம். சீனி 1 டெசி. ஓட்ஸ் 3 டெசி. கொக்கோ 3 கரண்டி. வனிலாச் சீனி 1 கரண்டி. கோப்பி 3 கரண்டி, ஆற வைத்து.*

டெசி என்றால் டெசிலிட்டர். சுவீடன் அளவுக் கோப்பை அவளுடையது இன்னும் தொங்குகிறது. ஆறு வரி. இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அக்கா வாசலில் நின்று விசாரணை செய்த அந்த முதல் சனிக்கிழமை, 'ஆற வைத்து' என்ற கடைசிச் சொல்லை நான் வாசிக்கவில்லை. கொதிக்கக் கொதிக்கக் கோப்பியை ஊற்றினேன். பட்டர் உருகி ஓடியது. உருண்டை இல்லை, கூழ்.

"கரண்டியால படைக்கலாம்" என்றார் அக்கா.

இரண்டாவது சனிக்கிழமை பட்டர் கல்லாக இருந்தது. மிச்சத்துக் குளிரில் குசினிக்கும் ஃபிரிட்ஜுக்கும் வித்தியாசம் இல்லை. பட்டரை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து இளக்கினேன். அது சரிவந்தது. ஆனால் கடையில் பெரிய ஓட்ஸை எடுத்துவிட்டேன். உருண்டையை மென்றால் கோழித்தீன் போல நொறுங்கியது.

மூன்றாவது சனிக்கிழமை ஆரணி வந்தாள். வரும்போது சுவீடன் கோப்பித்தூள் பைக்கற் ஒன்றும் கொண்டு வந்தாள்.

"அப்பா, நீங்கள் இன்ஸ்ரன்ற் கோப்பி போட்டா எப்பிடிச் சரிவரும்? நான் ஒறிஜினல் வாங்கியிருக்கிறன்."

வடிகட்டிக் கறுப்பாக இறக்கினாள். ஆற வைத்தோம். சின்ன ஓட்ஸ், இளகின பட்டர். உருட்டினேன். பெரிதும் சிறிதுமாக வந்தாலும் உருண்டை தான். ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்துக் கொடுத்தேன்.

ஆரணி மென்றாள். யோசித்தாள்.

"நல்லாத் தான் இருக்கு அப்பா."

"ஆனா?"

"இது கறெக்ட்டான சொக்லாட்பொல். ஸ்கூல்ல தாறது இப்பிடித் தான் இருக்கும்." மீதியைத் தட்டில் வைத்தாள். "அம்மான்ர இது இல்லை."

ஆஸ்பத்திரியில் கேட்ட அதே சொல். மருந்து குடித்தவளுக்கு நாக்கு மாறினது சரி, இவளுக்கு என்ன மாறினது?

அடுத்த நாள் மரியானுக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது ஓய்வில் இருக்கிறார். யோகத்தின் பெயரைச் சொன்னதும் அந்த முப்பது உருண்டையைத் தான் முதலில் நினைவுபடுத்தினார். பிறகு குறிப்பைச் சொன்னார். கொப்பியில் உள்ளதும் அவர் சொன்னதும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. கோப்பி மூன்று கரண்டி, ஆற வைத்து.

அக்காவிடம் சொன்னேன்.

"அது கைராசி, தம்பி. உன்ர கையில அவளின்ர கை வருமே? விட்டுப்போட்டு ஒரு கேக்கை வாங்கி வை. அவள் கோவிக்க மாட்டாள்."

"கோவிக்க மாட்டா. அது எனக்கும் தெரியும். ஆனா விடமாட்டன்."

அன்று சாமிப் படத்துக்கு முன்னால் அதிக நேரம் நின்றேன். முருகா, நான் பெரிய வரம் கேட்கவில்லை, ஒரு உருண்டை கேட்கிறேன் என்று கும்பிட்டேன். கேட்கவே வெட்கமாகத் தான் இருந்தது. ஆனால் அவருக்குச் சின்னது பெரியது கிடையாது என்று நம்புகிறவன் நான்.

பேணி

திதி வந்தது. அக்கா முதல் நாளே வந்து தங்கிவிட்டார். விடிய எழும்பித் தலை முழுகித் தோய்ந்து, வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு குசினிக்குள் போனேன். ஒரு அடுப்பில் பருப்பு, மற்றதில் குழம்பு. எனக்கென்று மேசையில் ஒரு மூலை ஒதுக்கித் தந்திருந்தார்.

ஐயர் பத்து மணிக்கு வருவார். உருண்டை இறுக இரண்டு மணித்தியாலம் வேண்டும். பட்டர் இளகிவிட்டது. சீனி, ஓட்ஸ், கொக்கோ, வனிலாச் சீனி எல்லாம் சட்டிக்குள் விழுந்துவிட்டன. இனிக் கோப்பி மட்டும். ஆரணி வாங்கின அந்தச் சுவீடன் பைக்கற் அவளோடேயே குரோய்டனுக்குப் போயிருந்தது. ஏழரைக்கு வந்துவிடுவேன் என்றவள்.

தொலைபேசி அடித்தது.

"அப்பா, ட்ராம் நிண்டிட்டுது. எல்லாரையும் இறக்கி விட்டினம். பஸ்ல வாறன். ஒரு மணித்தியாலம் எண்டாலும் ஆகும்."

"கோப்பி?"

"என்ர பாக்ல. சொறி அப்பா."

நான் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வருடம் காத்திருந்து, மூன்று தரம் தோற்று, கடைசியில் மூன்று கரண்டிக் கோப்பியில் வந்து நிற்கிறது.

"என்ன, இடி விழுந்த மாதிரி நிக்கிறாய்?" என்றார் அக்கா.

"கோப்பி இல்லை."

"கோப்பி இல்லையோ?" மேல் தட்டில் கையை விட்டு, டப்பாக்களுக்குப் பின்னால் இருந்து ஒரு நீலத் தகரப் பேணியை இழுத்தெடுத்தார். பழைய சுவீடன் பிஸ்கற் பேணி. யோகத்தின் கோப்பிப் பேணி. "இது என்ன, உமியோ? ஐயருக்குப் போடுவம் எண்டு நேற்றே பாத்து வைச்சனான்."

"அது மல்லி போட்டது அக்கா."

உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் கோப்பிக்கொட்டையோடு மல்லி, சீரகம், சுக்கு எல்லாம் வறுத்து ஒன்றாக இடிப்பார்கள். சுவீடனில் இருந்த காலத்தில் அது யோகத்துக்குப் பார்சலில் வரும். லண்டனில் மிச்சத்துத் தமிழ்க் கடையில் வாங்குவாள். வேறு கோப்பி குடிக்க மாட்டாள்.

"மல்லி போட்டால் என்ன?"

"உது சரியான கோப்பி இல்லை. சொக்லேற் உருண்டைக்குச் சரியான கோப்பி வேணும்."

அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். இடுப்பில் கை வைத்தார்.

"சரியான கோப்பி இல்லையோ? அப்ப உன்ர மனுசி முப்பது வருசமாக் குடிச்சது என்ன?"

மேசையில் கொப்பி திறந்தபடி கிடந்தது.

திரும்பிக் கொப்பியைப் பார்த்தேன். *கோப்பி 3 கரண்டி.* சுவீடன் கோப்பி என்று எழுதவில்லை. மல்லிக்கோப்பி என்றும் எழுதவில்லை. கோப்பி. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இருந்தது ஒரு பேணி தான். அவள் ஏன் வேறு மாதிரி எழுதப்போகிறாள்? மரியான் "கோப்பி" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். இவள் வீட்டுக்கு வந்து, காலையில் குடித்து மிஞ்சிய சின்னப் பாத்திரத்தை எடுத்து ஊற்றியிருக்கிறாள். அவளுக்கே அது ஒரு வித்தியாசமாகத் தெரிந்திருக்காது.

ஓடித் திரிந்து சரியான கோப்பி தேடியவர்கள் நானும் மகளும் தான்.

பேணியின் மூடி ஒரு வருடமாக இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் நெம்பினேன். தூளைப் போட்டுக் கொதிதண்ணி ஊற்றினேன்.

சுக்கும் மல்லியும் ஆவியோடு எழும்பின. அதற்குள் கொக்கோவின் மணம் சட்டியில் இருந்து வந்து கலந்தது. இரண்டும் சேர்ந்த இடத்தில் யோகம் நின்றாள். வேறு விதமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, முதல் உருண்டையோடு, என்னோடு கதைக்காதேயுங்கோ என்ற அந்த முகத்தோடு.

"மூக்கை அங்கால திருப்பு!" என்று அக்கா அதட்டினார். "படைக்கிற சாமானை மணக்கக் கூடாது."

"நான் மணக்கேல்லை அக்கா. அது தானா வருது."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பாத்திரத்தை வாங்கிக் குளிர்தண்ணிக்குள் வைத்து, தன் கையாலேயே ஆற்றித் தந்தார்.

காகத்தின் பங்கு

மணம் ஒன்று, ருசி வேறு. அதை நான் மறக்கவில்லை. உருட்டும்போது விரலில் ஒட்டியதை நக்கிப் பார்க்கச் சொல்லி நாக்கு கெஞ்சியது. குழாயடியில் கையைக் கழுவிவிட்டேன். இருபத்தொரு உருண்டை. முத்துச் சீனியில் பிரட்டி ஃபிரிட்ஜில் வைத்தேன். எட்டு மணியில் இருந்து ஒரு மணி வரை அந்தக் கதவைப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தான் தெரியும்.

ஐயர் வந்தார். கிரியைகள் ஒழுங்காக நடந்தன. ஆரணி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். பைக்கற்றை நீட்டினாள்.

"வேண்டாம் பிள்ளை."

"அப்ப உருண்டை?"

"செய்தாச்சு."

எப்படி என்று அவள் கேட்க, அக்கா அவளைத் தேங்காய் உடைக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் யோகத்தின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டோம். சோறு, கறிகள், பாயசம், வடை. வலது பக்க மூலையில் மூன்று சொக்லேற் உருண்டை. பதிகம் பாடினோம். கற்பூரம் காட்டினேன்.

இனிக் காகத்துக்கு வைக்க வேண்டும். காகம் தொட்ட பிறகு தான் மற்றவர்களுக்கு. அக்கா சோற்றில் எல்லாவற்றிலும் கிள்ளிப் பிசைந்தார். உருண்டையிலும் கிள்ளப் போனார்.

"மாமி, நோ!" என்று ஆரணி பாய்ந்தாள். "சொக்லேற் பறவையளுக்கு நஞ்சு. செத்துப்போம்."

"ஐயோ! திவசத்தண்டு காகத்தைக் கொல்லுறதோ?" அக்கா கையை எடுத்துவிட்டார். "எல்லாத்திலயும் வைக்க வேணும், இது மட்டும் என்னெண்டு விடுறது?"

"அந்தப் பங்கை நான் சாப்பிடுறன் மாமி."

"நீ காகமோ?"

"கறுப்பு ஜம்பர் தானே போட்டிருக்கிறன்."

திவச வீட்டில் சிரிக்கக் கூடாது. மூன்று பேரும் சிரித்துவிட்டோம். பின்வளவில் கொட்டில் கூரையில் சோற்றை வைத்ததும், எங்கள் சத்தத்துக்குப் பயப்படாமல் ஒரு காகம் இறங்கி வடையைக் கொத்திக்கொண்டு போனது.

இலை

காகத்தின் பங்கு என்று சொல்லி ஆரணியின் கையில் முதல் உருண்டையை வைத்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அவள் எனக்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

கடித்தாள். மென்றாள். நிறுத்தினாள்.

பிறகு திரும்பிக் குசினி வாசலைப் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை. ஆனாலும் பார்த்தாள்.

"அப்பா." கையில் மிஞ்சியதைத் திருப்பிப் பார்த்தாள். "என்ன போட்டனீங்கள்?"

"கோப்பி."

"மூண்டு கரண்டி" என்றார் அக்கா. அவர் வாய்க்குள்ளும் ஒன்று போயிருந்தது. இரண்டாவதுக்குக் கை நீண்டிருந்தது.

படைத்த இலையில் நான் உட்கார்ந்தேன். அது என் உரிமை. உருண்டையை எடுத்துக் கடித்தேன். முதலில் இனிப்பு, பிறகு கசப்பு, கடைசியில் தொண்டையில் சுக்கின் சின்ன எரிவு. முப்பது வருடமாகச் சாப்பிட்டும், அது என்னவென்று ஒரு நாளும் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

மருந்து அவள் நாக்கைக் கெடுத்துவிட்டது என்று ஒரு வருடம் நம்பியிருந்தேன். அவள் நாக்குக் கடைசி வரை சரியாகத் தான் இருந்தது. இது இல்லை என்று அவள் சொன்னது உண்மையிலேயே அது இல்லாதபடியால். எனக்குத் தான் கேட்கத் தெரியவில்லை. இது இல்லையென்றால் எது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கதைக்கக்கூடிய நிலையில் தான் இருந்தாள்.

படத்தைப் பார்த்து, "நீர் சொன்னது சரி" என்றேன். சத்தமாகத் தான் சொன்னேன். அக்கா பாயசச் சட்டியைக் கிண்டுகிற சாட்டில் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் ஆரணிக்குப் பேணியின் கதையைச் சொல்லிவிட்டு, கொப்பியையும் பேனாவையும் எடுத்தேன். கோப்பி என்ற சொல்லுக்கு முன்னால் மல்லி என்று சேர்த்துவிட்டால் இனி ஒருவரும் பிழைவிட மாட்டார்கள்.

"அவள் எழுதினதில கை வையாத" என்றார் அக்கா. "கோப்பி எண்டால் கோப்பி தான்."

"எழுதுங்கோ அப்பா" என்றாள் ஆரணி. "நானே மறந்திட்டன் தானே?"

இரண்டு பேர் சொன்னதும் சரியாகப் பட்டது. அவளுடைய ஆறு வரியையும் தொடவில்லை. அதற்குக் கீழே ஒரு கோடு கிழித்து, ஏழாவது வரியை என் கையெழுத்தில் எழுதினேன்:

*கோப்பி என்றால் யோகத்தின் பேணியில் இருப்பது.*

எழுதிவிட்டுப் பேணியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் தான் இருந்தது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தேன். அடுத்த நாள் சனிக்கிழமை.